டோக்கன் இல்லாமல் படகு போகாது: அரட்டைச் செயலிக்கு பேக்கேஜும் அசெட்டும் சேர்ப்பது எப்படி?

ராமேஸ்வரத்தில் விசைப்படகு கடலுக்குப் போக வேண்டுமானால் மீன்துறையில் டோக்கன் வாங்க வேண்டும். படகு துறையில் நிற்கும். டீசல் நிரம்பியிருக்கும், ஐஸ் ஏறியிருக்கும், ஆட்களும் வந்திருப்பார்கள். டோக்கன் இல்லையென்றால் கயிறு அவிழாது. போன் செயலிகள் எழுத உதவும் ஃப்ளட்டர் என்ற கருவியில் ‘பப்ஸ்பெக்.யாமல்’ என்றொரு கோப்பு இருக்கிறது. அதுதான் அந்த டோக்கன் ஜன்னல். பிறர் எழுதித் தந்த நிரல் துண்டுதான் பேக்கேஜ்; செயலியோடு கொண்டுபோகும் படம், ஒலி போன்றவை அசெட். நீங்கள் போட்ட படம் ஃபோல்டரில் பத்திரமாக இருக்கலாம், எழுத்துரு இருக்கலாம். இந்தக் கோப்பில் பெயர் பதியவில்லையென்றால் செயலியைப் பொறுத்தவரை அவை இல்லை. புதிதாக வருகிறவர்கள் நிரலில் தப்புத் தேடிக் கண் சிவந்து உட்கார்ந்திருப்பார்கள். தப்பு இந்த ஜன்னலில் இருக்கும். எனக்கும் அப்படித்தான் இருந்தது.

நான் பாம்பன்காரன். எங்கள் மாமாவின் மீன் வாடிக்கு ஒரு சின்ன அரட்டைச் செயலி செய்தேன். நாட்டுப்படகுக்காரர்கள், வாடி ஆட்கள், ஐஸ் வண்டிக்காரர், வெளியூர் வியாபாரிகள் எல்லாம் சேர்த்து நாற்பது பேர். “வாட்ஸ்அப் இருக்கே மாப்ளே, இது எதுக்கு?” என்று மாமா கேட்டார். உண்மையான பதில், எனக்குக் கற்றுக்கொள்ள ஒரு சாக்கு வேண்டியிருந்தது. அவருக்குச் சொன்ன பதில், நண்டு விலை இருபது ‘காலை வணக்கம்’ படங்களுக்கு நடுவே காணாமல் போகிறது என்பது. அதுவும் பொய் இல்லை.

ஆண்ட்ராய்டு மட்டும் போதும் என்றுதான் முதலில் நினைத்தேன். வியாபாரிகளில் இருவர் கீழக்கரைக்காரர்கள். அவர்கள் குடும்பத்தில் கணக்குப் பார்க்கிறவர்கள் வளைகுடாவில் ஐபோனோடு இருக்கிறார்கள். ஒரே நிரலில் இரண்டு போனுக்கும் செயலி வேண்டுமென்றால் ஃப்ளட்டர் வசதி. ஐபோனுக்கான கட்டுமானத்துக்கு மட்டும் மேக் கணினியும் ஆப்பிளின் எக்ஸ்கோடு மென்பொருளும் கட்டாயம் வேண்டும். அது இல்லாதவர்கள் ஆண்ட்ராய்டில் தொடங்குங்கள். எழுதுகிற நிரல் வீணாகாது.

ஒன்று சொல்லிவிடுகிறேன். கட்டளைகளையும் கோப்புப் பெயர்களையும் இங்கே தமிழ் எழுத்தில் எழுதியிருக்கிறேன். கணினியில் அவற்றை ஆங்கில எழுத்தில்தான் அடிக்க வேண்டும்.

தொடங்கும் முன்

ஃப்ளட்டரை நிறுவிய பிறகு டெர்மினலில் ‘ஃப்ளட்டர் டாக்டர்’ என்று ஓட்டுங்கள். என்ன குறைகிறது என்று அதுவே சொல்லும். பிறகு ‘ஃப்ளட்டர் கிரியேட்’ போட்டு செயலியின் பெயரைக் கொடுங்கள். பெயரில் சின்ன எழுத்தும் எண்ணும் அடிக்கோடும் மட்டுமே வரலாம். எதையும் மாற்றாமல் அந்த வெற்றுச் செயலியை உங்கள் சொந்தப் போனில் ஒருமுறை ஓட்டிவிடுங்கள். இந்த முதல் ஓட்டத்தில் கிரேடில் என்ற கட்டுமானக் கருவி தனக்கு வேண்டியதையெல்லாம் இணையத்திலிருந்து இழுக்கும். பல நூறு எம்பி போகும். கடற்கரையில் உட்கார்ந்து மொபைல் டேட்டாவில் இதைச் செய்யாதீர்கள். ராமநாதபுரத்துக்குப் போய் பிராட்பேண்ட் இருக்கிற நண்பன் வீட்டில் முடித்துவிட்டு வாருங்கள்.

ஜன்னலுக்குள் என்ன இருக்கிறது

பப்ஸ்பெக் கோப்பைத் திறந்தால் மேலே பெயர், விளக்கம், வெர்ஷன். வெர்ஷன் ‘1.0.0+1’ என்று இருக்கும். கூட்டல் குறிக்கு முன்னால் இருப்பது மக்கள் பார்க்கும் எண். பின்னால் இருப்பது பிளே ஸ்டோர் பார்க்கும் எண்; ஒவ்வொரு முறை ஏற்றும்போதும் அது கூடியே ஆக வேண்டும். அடுத்து ‘என்விரான்மென்ட்’, டார்ட் மொழியின் (ஃப்ளட்டர் நிரலை அதில்தான் எழுதுகிறோம்) எந்த வெர்ஷனில் ஓடும் என்பது. அதைத் தொடாதீர்கள். அதற்குக் கீழே ‘டிபென்டன்சீஸ்’, ‘டெவ்_டிபென்டன்சீஸ்’, கடைசியில் ‘ஃப்ளட்டர்’ என்ற பகுதி.

யாமல் கோப்பில் அடைப்புக்குறி கிடையாது, முற்றுப்புள்ளி கிடையாது. எது எதற்குள் அடங்கும் என்பதை இடப்பக்க இடைவெளிதான் முடிவு செய்கிறது. ஒவ்வொரு படிக்கும் இரண்டு ஸ்பேஸ். டேப் விசையை அழுத்தி இடைவெளி விட்டால் கோப்பே படிக்கப்படாது. விஎஸ் கோடு மாதிரி எடிட்டர்கள் டேப்பை ஸ்பேஸாக மாற்றிக் கொடுத்துவிடும். நோட்பேடில் திறந்து திருத்துகிறவர்கள்தான் மாட்டிக்கொள்கிறார்கள்.

இதில் ஒரு பொறி உண்டு. ‘ஃப்ளட்டர்’ என்ற தலைப்பு இந்தக் கோப்பில் இரண்டு இடத்தில் வருகிறது. டிபென்டன்சீஸுக்குள் இரண்டு ஸ்பேஸ் தள்ளி ஒன்று. கீழே, இடப்பக்க ஓரத்தை ஒட்டி இன்னொன்று. அசெட்டும் எழுத்துருவும் இரண்டாவதற்குக் கீழேதான் எழுத வேண்டும். முதலாவதற்குக் கீழே எழுதிவிட்டு, “எல்லாம் சரியாகத்தான் இருக்கு, படம் வரலே” என்று என்னிடம் வந்தவர்கள் உண்டு.

பேக்கேஜ்களை ஒவ்வொன்றாகச் சேர்க்கவும்

அரட்டைச் செயலிக்கு என்ன வேண்டும்? ஆள் யாரென்று தெரிய வேண்டும், செய்தி சேமிக்கப்பட வேண்டும், மணி அடிக்க வேண்டும், படமும் குரலும் போக வேண்டும். சொந்தமாகச் சர்வர் வைத்து நடத்தத் தெரியாதவர்களுக்கு கூகுளின் ஃபயர்பேஸ் சேவை எளிது. ‘ஃபயர்பேஸ்_கோர்’ முதலில். அது ஓடுகிறதா என்று பார்த்துவிட்டு ‘ஃபயர்பேஸ்_ஆத்’, பிறகு ‘கிளவுட்_ஃபயர்ஸ்டோர்’, கடைசியில் ‘ஃபயர்பேஸ்_மெசேஜிங்’. படத்துக்கு ‘இமேஜ்_பிக்கர்’, ‘கேஷ்ட்_நெட்வொர்க்_இமேஜ்’. குரலுக்கு ‘ரெக்கார்ட்’, ‘ஆடியோபிளேயர்ஸ்’. நேரத்தைத் தமிழில் காட்ட ‘இன்ட்ல்’.

குரலை ஆடம்பரம் என்று ஒதுக்கிவிடாதீர்கள். பாம்பனில் மீனவர்களுக்கென்றே ‘கடல் ஓசை 90.4’ என்ற சமுதாய வானொலி நடக்கிறது. காதால் கேட்டுப் பழகிய ஊர் இது. ஈரக் கையோடு யாரும் தட்டச்சு செய்யப்போவதில்லை. எங்கள் செயலியில் மைக் பொத்தான்தான் திரையிலேயே பெரியது.

இந்தப் பட்டியலை ஒரே மூச்சில் கோப்பில் ஒட்டாதீர்கள். ‘ஃப்ளட்டர் பப் ஆட்’ என்று அடித்து ஒரு பேக்கேஜின் பெயரைக் கொடுங்கள். சரியான வெர்ஷனை அதுவே எழுதிக்கொள்ளும். ஓட்டிப் பாருங்கள். பிறகு அடுத்தது. ஒன்பதையும் சேர்த்து ஏற்றிவிட்டுச் சிக்கல் வந்தால், எந்த வலையில் எந்தக் கயிறு மாட்டியது என்று பிரிக்கவே ஒரு நாள் ஆகும்.

எந்தப் பேக்கேஜையும் எடுக்கும் முன், பேக்கேஜ்கள் கிடைக்கும் பப்.டெவ் தளத்தில் அதன் பக்கத்தைப் பாருங்கள். வெளியிட்டவர் பெயருக்குப் பக்கத்தில் சரிபார்த்த குறி இருக்கிறதா, கடைசியாக எப்போது புதுப்பித்தார்கள், ஆண்ட்ராய்டும் ஐஓஎஸ்ஸும் இரண்டுமே குறிக்கப்பட்டிருக்கின்றனவா, உரிமம் என்ன. இரண்டு வருடமாக ஆள் நடமாட்டம் இல்லாத பேக்கேஜ் எவ்வளவு அழகாக இருந்தாலும் நான் தொடுவதில்லை.

வெர்ஷன் எண்ணுக்கு முன்னால் ‘^’ என்ற கூரைக்குறி வரும். ‘^2.3.0’ என்றால் 2.3.0 முதல் 3.0.0-க்குக் கீழே எதுவானாலும் சம்மதம் என்று பொருள். ஆனால் பூஜ்யத்தில் தொடங்கினால் பிடி இறுகும்: ‘^0.9.2’ என்றால் 0.10.0-க்குக் கீழேதான். இந்த எல்லைக்குள் உண்மையில் எந்த வெர்ஷன் வந்து இறங்கியது என்பதை ‘பப்ஸ்பெக்.லாக்’ என்ற கோப்பு எழுதி வைத்துக்கொள்ளும். அதை அழிக்காதீர்கள், ‘கிட்’ என்ற கருவியில் (நிரலின் ஒவ்வொரு மாற்றத்தையும் பதிந்து வைப்பது) சேர்த்தே வையுங்கள். உங்கள் கணினியில் ஓடுவது நண்பனின் கணினியிலும் ஓடுவதற்கு அதுதான் ஜாமீன்.

சில நாள் ‘வெர்ஷன் சால்விங் ஃபெயில்ட்’ என்று சிவப்பில் வரும். பயப்பட வேண்டாம், அதில் காரணத்தை வாக்கியமாகவே எழுதியிருப்பார்கள். இரண்டு பேக்கேஜ்கள் மூன்றாவது ஒன்றை வேறு வேறு வெர்ஷனில் கேட்கின்றன, அவ்வளவுதான். தமிழ்ச் செயலி செய்கிறவர்களுக்கு இது பெரும்பாலும் ‘இன்ட்ல்’ விஷயத்தில் வரும். தமிழ் நாள், மாதப் பெயர்களுக்காக ‘ஃப்ளட்டர்_லோக்கலைசேஷன்ஸ்’ சேர்த்திருப்பீர்கள். அது இன்ட்லின் ஒரு குறிப்பிட்ட வெர்ஷனை மட்டுமே ஏற்கும். நீங்கள் வேறொன்றை எழுதியிருப்பீர்கள். இன்ட்லுக்கு எதிரே எண்ணை எடுத்துவிட்டு ‘எனி’ என்று எழுதினால் சண்டை தீரும். ‘டிபென்டன்சி_ஓவர்ரைட்ஸ்’ போட்டு வாயை அடைக்கலாம் என்று யாராவது சொன்னால், வேறு வழியே இல்லாதபோது மட்டும் கேளுங்கள்.

ஒருமுறை இறங்கிய பேக்கேஜ்கள் உங்கள் கணினியிலேயே தங்கியிருக்கும். அதனால் நெட் இல்லாத நாளிலும் ‘ஃப்ளட்டர் பப் கெட்’ கட்டளையோடு ‘--ஆஃப்லைன்’ சேர்த்தால் வேலை நடக்கும். புயல் கூண்டு ஏறி, காற்று அடித்து, கரண்டும் நெட்டும் போன ஒரு கார்த்திகை மாதத்தில் லேப்டாப் பேட்டரியை மட்டும் நம்பி இரண்டு மணி நேரம் அப்படி வேலை பார்த்திருக்கிறேன்.

போனின் மைக், கேமரா போன்றவற்றைத் தொடும் பேக்கேஜைச் சேர்த்த பிறகு ஹாட் ரீலோட் (செயலியை நிறுத்தாமலே மாற்றத்தைக் காட்டுவது) போதாது. செயலியை முழுசாக நிறுத்தி மறுபடி ஓட்டுங்கள். இல்லையென்றால் ‘மிஸ்ஸிங் பிளகின்’ என்று ஒரு பிழை வந்து குழப்பும்.

ஃபயர்பேஸை இணைக்க ‘ஃப்ளட்டர்ஃபயர் கான்ஃபிகர்’ என்ற கட்டளை உதவும். இரண்டு வகைப் போனுக்கும் வேண்டிய அமைப்பை எழுதிக் கொடுத்துவிடும். தரவுத்தளம் எந்த ஊரில் இருக்க வேண்டும் என்று கேட்கும்போது மும்பையைத் தேர்ந்தெடுங்கள். பிறகு அதை மாற்ற முடியாது. ‘டெஸ்ட் மோட்’ வைத்துத் தொடங்கினால் 30 நாளில் கதவு தானாக மூடிவிடும், அதற்குள் ஒழுங்கான விதிகளை எழுதிவிடுங்கள். இலவசத் திட்டத்தில் ஒரு நாளைக்கு 50,000 வாசிப்பு, 20,000 எழுத்து. நாற்பது பேர் குழுவில் ஒரு செய்தி போட்டால் சுமார் நாற்பது வாசிப்பு. கணக்குப் போட்டால் நாளுக்கு 1,250 செய்தி. போதும்தான். ஆனால் செயலியைத் திறக்கும்போதெல்லாம் பழைய செய்தி முழுவதையும் இழுத்தால் மத்தியானத்துக்குள் தீர்ந்துவிடும். கடைசி ஐம்பதை மட்டும் கேளுங்கள்.

ஃபயர்ஸ்டோர் போனில் ஆஃப்லைன் சேமிப்பைத் தானாகவே வைத்திருக்கும். டவர் இல்லாத இடத்தில் அனுப்பிய எழுத்துச் செய்தி போனிலேயே காத்திருந்து, சிக்னல் வந்ததும் போகும். ஆபத்துக்கு இந்தச் செயலியை யாரும் நம்பக்கூடாது. அதற்கு விஎச்எஃப் வயர்லெஸ்தான். எங்கள் செயலியின் முதல் திரையிலேயே இதைப் பெரிதாக எழுதி வைத்திருக்கிறேன்.

அசெட்: படமும் ஐகானும்

திட்டத்தின் மேல் ஃபோல்டரில் ‘அசெட்ஸ்’ என்று ஒன்று திறந்து, அதற்குள் படங்கள், எழுத்துரு, ஒலி என்று தனித்தனியாகப் பிரியுங்கள். பப்ஸ்பெக்கில் ‘அசெட்ஸ்’ தலைப்பின் கீழ், ஒரு கோடு போட்டு, பாதையை எழுத வேண்டும். ஒவ்வொரு கோப்பாக எழுதலாம், அல்லது ஃபோல்டரின் பெயரை எழுதி இறுதியில் ‘/’ வைக்கலாம். அப்படி வைத்தால் அந்த ஃபோல்டரில் நேரடியாக இருக்கும் கோப்புகள் மட்டும் வரும். உள்ளே இன்னொரு ஃபோல்டர் இருந்தால் அதற்குத் தனி வரி வேண்டும். ‘படங்கள்/’ என்று மட்டும் எழுதிவிட்டு ‘படங்கள்/மீன்/’ ஏன் வரவில்லை என்று கேட்காதீர்கள். அது வேறு படகு, வேறு டோக்கன்.

இதற்கு ஒரு விதிவிலக்கு, ‘2.0எக்ஸ்’, ‘3.0எக்ஸ்’ என்ற துணை ஃபோல்டர்கள். ஒரே படத்தின் பெரிய அளவுகளை அதே பெயரில் இவற்றில் வைத்தால், திரையின் அடர்த்தியைப் பார்த்து ஃப்ளட்டரே பொருத்தமானதை எடுக்கும். இவற்றைத் தனியாகப் பதிய வேண்டியதில்லை.

கோப்புப் பெயரெல்லாம் சின்ன ஆங்கில எழுத்தில், இடைவெளி இல்லாமல். விண்டோஸுக்குப் பெரிய எழுத்தும் சின்ன எழுத்தும் ஒன்று, ஆண்ட்ராய்டுக்கு வேறு வேறு. நண்டு படத்துக்கு நான் முதல் எழுத்தைப் பெரிதாக வைத்துவிட்டு நிரலில் சின்னதாக எழுதியிருந்தேன். சீலா தெரிந்தது, கணவாய் தெரிந்தது, நண்டு மட்டும் வரவில்லை. எழுத்துக்கு எழுத்து ஒப்பிட்டுப் பார்த்தும் ஒரு மணி நேரம் என் கண்ணுக்குப் படவே இல்லை.

மீன் படங்களைப் போனில் எடுத்து அப்படியே போடாதீர்கள். ஒன்று நான்கு எம்பி இருக்கும். திரையில் விரல் நுனி அளவுக்குத்தான் தெரியப்போகிறது. சுருக்கி ‘வெப்பி’ என்ற பட வடிவத்தில் சேமியுங்கள். எங்கள் ஆட்களின் போன்களில் பேரப்பிள்ளைகளின் வீடியோ போக மிச்சம் இடமே இருக்காது. வெளியிடும்போது ‘--ஸ்ப்ளிட்-பெர்-ஏபிஐ’ சேர்த்துக் கட்டினால் ஒவ்வொரு வகைச் சிப்புக்கும் தனித்தனிச் சின்ன ஏபிகே (ஆண்ட்ராய்டு போனில் பதியும் கோப்பு) கிடைக்கும். கையிலிருந்து கைக்கு அனுப்பிப் பதிய இதுதான் நல்லது.

சாவி, கடவுச்சொல் எதையும் அசெட்டாக வைக்காதீர்கள். ஏபிகே என்பது ஒரு ஜிப் கோப்பு. அவிழ்த்தால் உள்ளே இருப்பதெல்லாம் யாருக்கும் தெரியும்.

எழுத்துரு

பெரும்பாலான போன்களில் தமிழ் எழுத்துரு ஏற்கனவே இருக்கிறது. இருந்தும் நாம் ஒன்றைக் கொண்டுபோவது நல்லது, எல்லாப் போனிலும் ஒரே மாதிரி தெரியும். ‘நோட்டோ சான்ஸ் தமிழ்’ திறந்த உரிமத்தில் கிடைக்கிறது. டிடிபி கடைகளில் ஓடிய பாமினி போன்ற பழைய எழுத்துருக்கள் யூனிகோடு அல்ல. அவை இங்கே உதவாது.

பப்ஸ்பெக்கில் ‘ஃபான்ட்ஸ்’ தலைப்பின் கீழ் ‘ஃபேமிலி’ என்று ஒரு பெயர் வைத்து, அதன் கீழ் கோப்புப் பாதைகளை எழுதுங்கள். சாதாரண எழுத்துக்கு எடை 400, தடித்ததற்கு 700. இரண்டு போதும், ஒன்பது எடையையும் ஏற்றாதீர்கள். நிரலில் எழுதும் பெயர் நீங்கள் ‘ஃபேமிலி’யில் வைத்த பெயரோடு அச்சாக ஒத்துப்போக வேண்டும். மாறினால் பிழை எதுவும் வராது; சத்தமில்லாமல் போனின் எழுத்துருவுக்குப் போய்விடும். அதனால் முதல்முறை வேண்டுமென்றே வித்தியாசமான ஒரு எழுத்துருவைப் போட்டு, மாறுகிறதா என்று பாருங்கள். வரி உயரத்தையும் கொஞ்சம் கூட்டுங்கள். ஆங்கிலத்தை மனதில் வைத்து அமைத்த பெட்டியில் ‘கீ’யின் மேல் சுழியும் ‘ஞூ’வின் காலும் வெட்டுப்படும்.

மணி ஒலி, என்னை இரண்டு மாலை அலைக்கழித்தது

வாடியில் ஏலம் கூவும் சத்தத்தை நான்கு நொடி பதிவு செய்து, செய்தி வந்தால் அது ஒலிக்க வேண்டும் என்று ஆசைப்பட்டேன். அசெட்டில் வைத்தேன், பப்ஸ்பெக்கில் பதிந்தேன். செயலி திறந்திருக்கும்போது கம்பீரமாக ஒலித்தது. மூடிவிட்டால் வழக்கமான ‘டிங்’.

காரணம் இதுதான். செயலி மூடியிருக்கும்போது மணியை அடிப்பது ஃப்ளட்டர் அல்ல, போனின் இயங்குதளம். அதற்கு ஃப்ளட்டரின் அசெட் தெரியாது. ஆண்ட்ராய்டில் ஒலிக்கோப்பை ‘ஆண்ட்ராய்டு/ஆப்/எஸ்ஆர்சி/மெயின்/ரெஸ்/ரா’ என்ற ஃபோல்டரில் வைக்க வேண்டும். பெயரில் சின்ன எழுத்து, எண், அடிக்கோடு மட்டும். ஐபோனில் எக்ஸ்கோடு வழியாக ‘ரன்னர்’ திட்டத்துக்குள் சேர்க்க வேண்டும். 30 நொடிக்குள் இருக்க வேண்டும், இல்லையென்றால் அதன் சொந்த ஒலிதான் வரும். பப்ஸ்பெக் ஜன்னலில் டோக்கன் வாங்கியும் பயனில்லாத சரக்கு இது. இது ரயிலில் போகும் சரக்கு.

சரி என்று ‘ரா’வில் வைத்தேன். மறுபடியும் ‘டிங்’. அன்று இரவு சாப்பாடு இறங்கவில்லை. ஆண்ட்ராய்டு 8 முதல் ஒவ்வொரு அறிவிப்பும் ஒரு ‘சேனல்’ வழியாக வருகிறது. சேனல் ஒருமுறை உருவாகிவிட்டால் அதன் ஒலியை நிரலால் மாற்ற முடியாது. என் போனில் பழைய சேனல் பழைய ஒலியோடு உட்கார்ந்திருந்தது. செயலியை நீக்கிவிட்டு மறுபடி பதிந்தேன். ஏலக் குரல் கேட்டது. பதிந்து வைத்திருக்கும் நாற்பது பேரையும் நீக்கச் சொல்ல முடியாது என்பதால், நிரலில் சேனலுக்குப் புதுப் பெயர் கொடுத்தேன். சேனலை உருவாக்க ‘ஃப்ளட்டர்_லோக்கல்_நோட்டிஃபிகேஷன்ஸ்’ பேக்கேஜ் உதவும்.

அனுமதிகள்

ஆண்ட்ராய்டு 13 முதல் அறிவிப்புக் காட்டவே பயனரிடம் அனுமதி கேட்க வேண்டும். ஐபோனில் மைக்கும் படங்களும் எதற்கு வேண்டும் என்று ‘இன்ஃபோ.பிலிஸ்ட்’ கோப்பில் ஒரு வரி எழுதியே ஆக வேண்டும். இல்லாமல் மைக்கைத் தொட்டால் செயலி அங்கேயே விழுந்துவிடும். அந்த வரியைத் தமிழில் எழுதுங்கள்: “குரல் செய்தி அனுப்ப மைக் தேவை.” எளிய மொழியில் கேட்டால் அனுமதி கொடுக்கிறார்கள்.

ஃபயர்பேஸ் இல்லாமல் சொந்தச் சர்வரோடு பேசுகிறவர்கள் இதைக் கவனியுங்கள். ஃப்ளட்டர் தரும் தொடக்கத் திட்டத்தில் இணைய அனுமதி சோதனைக் கட்டுமானத்துக்கான மேனிஃபெஸ்டில்தான் (செயலிக்கு வேண்டிய அனுமதிகளை எழுதும் கோப்பு) இருக்கும். ‘மெயின்’ ஃபோல்டரில் உள்ள மேனிஃபெஸ்டில் இருக்காது. கேபிளில் ஓட்டும்போது எல்லாம் நடக்கும். ரிலீஸ் ஏபிகேயைக் கொடுத்தால் ஒரு செய்தியும் போகாது. மெயினில் அந்த ஒரு வரியைச் சேருங்கள். ரிலீஸ் கட்டுமானத்தை, உங்கள் கையிலுள்ளதிலேயே மலிவான போனில் போட்டுப் பார்க்காமல் யாருக்கும் கொடுக்காதீர்கள்.

எப்போது புதுப்பிப்பது

‘ஃப்ளட்டர் பப் அவுட்டேட்டட்’ என்று அடித்தால் எந்தப் பேக்கேஜ் பழசாகிவிட்டது என்று அட்டவணையாக வரும். ‘ஃப்ளட்டர் பப் அப்கிரேட்’ கூரைக்குறி எல்லைக்குள் புதுப்பிக்கும். அதோடு ‘--மேஜர்-வெர்ஷன்ஸ்’ சேர்த்தால் எல்லையையே தாண்டும். இரண்டாவதை நான் சீசன் நடுவில் தொடுவதே இல்லை. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் தடைக்காலத்தில் விசைப்படகுகள் கரையேறி, பலகை மாற்றி, வர்ணம் அடித்துக்கொண்டிருக்கும். வியாபாரமும் மெதுவாகத்தான் நடக்கும். அப்போது ஒரு பேக்கேஜைக் கூட்டி, ஓட்டிப் பார்த்து, கிட்டில் பதிந்து, அடுத்ததுக்குப் போவேன். ஏதாவது உடைந்தால் திட்டுவதற்கு மாமா வீட்டிலேயே இருப்பார்.